ரேடியேஷன் மீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி: எந்த டிடெக்டர் எப்படி வேலை செய்யுது, எதை எதுக்கு யூஸ் பண்ணணும்

கல்பாக்கம் அணுமின் நிலையம் பத்தி வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வேர்டு சுத்த ஆரம்பிச்சா போதும், கடலூர்லயும் பாண்டியிலயும் உடனே ரெண்டு கேள்வி வந்துடும். நம்ம பக்கம் காத்துல ஏதாவது கலந்துருக்கா, அதை நாமளே செக் பண்ண மீட்டர் ஏதாவது கிடைக்குமா. பாண்டிலேர்ந்து ஈசிஆர்ல போனா கல்பாக்கம் நூறு கிலோமீட்டர்கூட இல்ல, அதனால கேக்குறது நியாயம்தான். மீட்டரும் கிடைக்குது, ஆன்லைன்ல சில ஆயிரம் ரூபாய்க்கே கெய்கர் கவுண்டர் வருது. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, எல்லா ரேடியேஷனையும் பாக்குற ஒரே மீட்டர்னு எதுவும் கிடையாது. ஏதாவது இருக்கா, அது எந்த பொருள்லேர்ந்து வருது, ஒரு ஆள் உடம்புக்கு இத்தனை நாள்ல மொத்தம் எவ்ளோ போச்சு, இந்த மூணும் தனித்தனி கேள்வி, மூணுக்கும் தனித்தனி டிடெக்டர். உங்க கேள்வி எதுன்னு முடிவு பண்ணிட்டுதான் காசு எடுக்கணும்.

முதல்ல எதைப் பிடிக்கப் போறோம்னு பாத்துடலாம். ஆல்ஃபான்னா ஹீலியம் கரு, கனமானது, காத்துல சில சென்டிமீட்டர்தான் ஓடும், ஒரு பேப்பர் குறுக்க வச்சா நின்னுடும். பீட்டா வேகமா வர்ற எலக்ட்ரான், சில மில்லிமீட்டர் அலுமினியம் போதும் நிறுத்த. காமா ஒளி மாதிரிதான் ஆனா எனர்ஜி பயங்கர ஜாஸ்தி, ஈயம், கான்க்ரீட்னு தடிமனா வச்சாதான் குறையும். நியூட்ரான் தனி கதை, அதுக்கு சார்ஜே கிடையாது, அப்பறம் வர்றேன். இதுல எதையும் நேரா பாக்க முடியாது. போற வழியில அது அணுக்கள்லேர்ந்து எலக்ட்ரானைத் தட்டி விடுது, இல்லன்னா ஒளிர வைக்குது, அந்த தடயத்தைத்தான் எல்லா டிடெக்டரும் பிடிக்குது.

கெய்கர் கவுண்டர்லேர்ந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா பத்துல ஒம்போது பேர் வாங்குறது அதான். 1908ல ரூதர்ஃபோர்டோட ஆய்வுக்கூடத்துல ஹான்ஸ் கெய்கர் இதோட முதல் வடிவத்தை செஞ்சாரு, 1928ல அவரும் வால்டர் முல்லரும் சேர்ந்து இப்ப நாம பாக்குற ட்யூபைக் கொண்டு வந்தாங்க, அதான் ஜிஎம் ட்யூப். ஒரு உலோகக் குழாய், நடுவுல மெல்லிசா ஒரு கம்பி, உள்ள கம்மி பிரஷர்ல நியானோ ஆர்கானோ, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவுல 400 வோல்ட் பக்கம் கொடுத்து வச்சுருப்பாங்க. ஒரு பீட்டா உள்ள வந்து ஒரே ஒரு எலக்ட்ரானைத் தட்டி விட்டாக்கூட அது கம்பியைப் பாத்து ஓடும், கம்பி கிட்ட போகப்போக ஃபீல்டு ஜாஸ்தியாகி வேகம் எடுத்து வழியில இருக்குற அணுக்களையெல்லாம் மோதி இன்னும் எலக்ட்ரான்களை கிளப்பும், அதுங்க இன்னும் கிளப்பும், சரவெடியில ஒரு திரியைப் பத்த வச்சா மொத்த சரமும் வெடிக்குற மாதிரி கண்ணிமைக்குற நேரத்துல ட்யூப் முழுக்க பரவிடும். அந்த கரண்ட்டுதான் டிக்குனு கேக்குது.

சரவெடின்னு சொன்னதுல முக்கியமான சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. யார் பத்த வச்சாலும் சத்தம் ஒண்ணுதான். சின்ன எனர்ஜி காமா வந்தாலும் பெரிய எனர்ஜி காமா வந்தாலும் ஜிஎம் ட்யூப் ஒரே சைஸ் பல்ஸ்தான் கொடுக்கும். அதனால எத்தனை வந்துச்சுன்னு எண்ணும், என்ன வந்துச்சுன்னு சொல்லவே சொல்லாது. பொட்டாசியமா, தோரியமா, சீசியமா, அதுக்கு எல்லாம் ஒரே டிக்.

இன்னொண்ணு, வெடிச்ச பிறகு அதை அணைக்கணும், இல்லன்னா தொடர்ந்து வெடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்காக ட்யூபுக்குள்ள கொஞ்சம் ஹாலோஜன் கலந்து வைப்பாங்க. அணைஞ்சு திரும்ப ரெடியாக நூறு இருநூறு மைக்ரோசெகண்ட் ஆகும், அந்த நேரத்துல எது வந்தாலும் ட்யூபுக்குத் தெரியாது, இதுக்குப் பேரு டெட் டைம். சாதாரண இடத்துல இது ஒரு விஷயமே இல்ல. ஆனா ரொம்ப ஸ்ட்ராங்கான சோர்ஸ், அதாவது ரேடியேஷன் விடுற பொருள், பக்கத்துல போனா ட்யூப் எந்திரிக்கவே நேரம் இல்லாம கவுண்ட் குறைஞ்சு சில மீட்டர் மாடல்ல பூஜ்யம்கூட காட்டும். திடீர்னு எகிறி அப்பறம் சட்டுனு அமைதியாச்சுன்னா அது பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, அந்த இடத்தை விட்டு வந்த வழியே திரும்பணும். 1986ல செர்னோபில்ல முதல்ல கையில இருந்த மீட்டர்களுக்கு மணிக்கு 3.6 ராண்ட்ஜென் (பழைய ரேடியேஷன் யூனிட்) வரைக்கும்தான் காட்டத் தெரியும், அதான் அளவுன்னு மேலிடத்துக்குப் போச்சு, உண்மையான அளவு அதைவிட பல மடங்கு மேல. மீட்டரோட உச்சவரம்பு எவ்ளோன்னு வாங்குன அன்னைக்கே பாத்து மேல எழுதி ஒட்டிடுங்க.

கிட்டு வாங்கி நீங்களே அசெம்பிள் பண்றீங்கன்னா நம்ம ஊர் உப்புக்காத்தை மறக்காதீங்க. தேவனாம்பட்டினத்துலயோ பாண்டி குருசுக்குப்பத்துலயோ கடலுக்குப் பக்கத்துல வீடு இருந்தா போர்டு மேல ஈரமும் உப்பும் படிஞ்சு அந்த 400 வோல்ட் லீக் ஆகும், ட்யூபுக்கு வோல்ட் பத்தாம கவுண்ட் கம்மியாகும் இல்ல பொய் கவுண்ட் வரும். சாலிட்ரிங் முடிஞ்சதும் ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சு நல்லா துடைச்சுட்டு, மேல பிசிபி லாக்கர் ஒரு கோட் அடிச்சு, டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட் போட்டு மூடுங்க. எஸ்பிஎம்-20ன்னு ஒரு பழைய சோவியத் ட்யூப் இருக்கு, ஸ்டீல் உடம்பு, அடிபட்டாலும் தாங்கும், அதுக்கு ஆனோட் பக்கத்துல 5.1 மெகாஓம் ரெசிஸ்டர் ட்யூபை ஒட்டியே இருக்கணும், தள்ளி வைக்காதீங்க. கண்ணாடி ட்யூப் வந்துருந்தா வெளிச்சம் படாம மூடி வைங்க, நேரா வெயில் பட்டா அது ஒளியையே எண்ணும். வோல்ட்டேஜை சாதா மல்டிமீட்டர் வச்சு அளந்துட்டு கம்மியா இருக்கேன்னு டிரிம்மரைத் திருகுறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, மல்டிமீட்டரோட 10 மெகாஓம் லோடே அந்த சின்ன சப்ளையை கீழ இழுத்துடும், உண்மையில வோல்ட் அதைவிட மேல இருக்கும். ஒரு கிகாஓம் டிவைடர் வச்சுதான் அளக்கணும். ஆஃப் பண்ண பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், கை வைக்காதீங்க, நல்லா ஷாக் அடிக்கும்.

இப்ப அளக்குறது எப்படின்னு பாப்போம், நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதான். ஆன் பண்ண உடனே வர்ற நம்பரைப் பாத்துட்டு முடிவுக்கு வராதீங்க. ரேடியேஷன் ஒழுங்கா வராது, தாறுமாறா வரும், ஒரு நிமிஷம் 14, அடுத்த நிமிஷம் 27, ரெண்டும் அதே இடம்தான். எண்ணின மொத்தத்தோட வர்க்கமூலம்தான் அதோட தடுமாற்றம். 25 எண்ணினா கூட குறைய 5, அதாவது 20 சதவீதம். 400 எண்ணினா 20, அதாவது 5 சதவீதம்தான். அதனால பத்து இருபது நிமிஷம் வச்சு மொத்தமா எண்ணி சராசரி எடுங்க. வீட்டுக்குள்ள, மாடியில, தெருவுல, வயல்லன்னு உங்க ஊரோட சாதாரண அளவை முதல்ல எழுதி வைங்க, அது இல்லாம எந்த நம்பரும் ஜாஸ்தியா கம்மியான்னு சொல்லவே முடியாது. பெரும்பாலான இடத்துல மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் பக்கம் காட்டும், சீவர்ட்டுங்குறது உடம்புக்குப் போற ரேடியேஷனை அளக்குற யூனிட். உலகம் முழுக்க சராசரியா ஒரு மனுஷனுக்கு இயற்கையா வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருது, இதுல பாதிக்கு மேல ரேடான் வாயுவை மூச்சுல இழுக்குறதால வர்றது.

மீட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க சோர்ஸ் வேணுமேன்னா உரக்கடைக்குப் போங்க. நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் கரும்புக்கும் வாழைக்கும் போடுற பொட்டாஷ் உரம் இருக்குல்ல, அதுல பாதி எடை பொட்டாசியம், இயற்கை பொட்டாசியத்துல 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40, அதோட அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகுற காலம், 125 கோடி வருஷம். ஒரு கிலோ பொட்டாஷ்ல ஒரு செகண்டுக்கு சுமார் 15,000 அணு சிதையுது. கேக்க பயமா இருக்கும், ஆனா நம்ம உடம்புலயே செகண்டுக்கு 4,000 பக்கம் பொட்டாசியம்-40 சிதைஞ்சுக்கிட்டுதான் இருக்கு, அம்மா வயித்துல இருக்கும்போதுலேர்ந்தே. உரத்தை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ட்யூபை ஒட்டி வச்சு பத்து நிமிஷம், எடுத்துட்டு பத்து நிமிஷம், வித்தியாசம் தெளிவா வரும். திருவிழாவுக்கு எரிக்குற பெட்ரோமாக்ஸ் லைட்டோட பழைய மேண்டில் கிடைச்சா அதுல தோரியம் இருக்கும், கவுண்ட் நல்லா ஏறும், புதுசா வர்ற சில மேண்டில்ல தோரியம் கிடையாது. மேண்டிலை கவரைப் பிரிக்காம அப்படியே வைங்க, எரிஞ்ச மேண்டில் பொடியை மூச்சுல இழுத்துடக் கூடாது, ஆல்ஃபா உள்ள போனாதான் வினை.

பாண்டி பீச் ரோட்ல காந்தி சிலையைச் சுத்தி செஞ்சிலேர்ந்து வந்த கருங்கல் தூண் எட்டு நிக்குது. கிரானைட்ல யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூணும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, அதனால கருங்கல் கட்டடத்தை ஒட்டி வச்சா வெட்டவெளி மணலை விட கவுண்ட் கொஞ்சம் கூட வர்றது சகஜம். பீச்சுலயே கருப்பா கோடு கோடா படிஞ்ச கருமணல் இருந்தா அதுல மோனசைட் கலந்துருக்கலாம், மணவாளக்குறிச்சியிலயும் கேரளாவுல சவரா பக்கமும் இது ரொம்ப ஜாஸ்தி, அதுல இருக்குறது தோரியம். இதைத் தெரிஞ்சுக்காம ஒரு பீச்சுல கூட வந்துச்சு இன்னொரு பீச்சுல கம்மியா வந்துச்சுன்னு வீடியோ போட்டு ஜனங்களை பதற வைக்குறது ரொம்ப தப்பான வேலை.

அப்பறம் அந்த மைக்ரோசீவர்ட் நம்பர். சாதாரண ஜிஎம் மீட்டர் டோஸை, அதாவது உடம்புக்குப் போற அளவை, அளக்குறதே இல்ல, கவுண்ட்டை எண்ணி சீசியம்-137 காமாவை வச்சு கணக்கு போட்ட ஒரு எண்ணால மாத்திக் காட்டுது. அதனால பொட்டாஷ் பாக்கெட்ல ஒட்டி வச்சு பீட்டாவை எண்ணும்போது வர்ற மைக்ரோசீவர்ட்டுக்கு அர்த்தமே இல்ல. எக்ஸ்ரே மாதிரி கம்மி எனர்ஜிக்கு நிஜத்தை விட பல மடங்கு கூடக் காட்டும். பொருளை ஒட்டி அளந்தா கவுண்ட்டை மட்டும் சொல்லுங்க, சீவர்ட் சொல்லாதீங்க. ஆல்ஃபாவைப் பத்தியும் ஒரு வார்த்தை, ஸ்டீல், கண்ணாடி ட்யூபுக்குள்ள அது நுழையவே நுழையாது, முன்னாடி மெல்லிசு மைக்கா ஜன்னல் வச்ச ட்யூப்தான் வேணும், அதை விரலால தொட்டாலே கிழிஞ்சுடும்.

அதே கேஸ் ட்யூப்ல வோல்ட்டைக் குறைச்சுட்டா சரவெடி நடக்காது, உண்டான எலக்ட்ரான் அப்படியே கரண்ட்டா சேரும், அதான் அயனைசேஷன் சேம்பர். ரொம்ப சின்ன கரண்ட், ஆனா டெட் டைம் தொல்லை இல்ல, டோஸ் ஜாஸ்தியா இருக்குற இடத்துலயும் நேர்மையா அளக்கும், கேன்சர் ரேடியேஷன் டிரீட்மெண்ட் மெஷினை செட் பண்றதே இதை வச்சுதான். சில ஸ்மோக் டிடெக்டர்லயும் அமெரிசியம்-241 வச்ச குட்டி சேம்பர் இருக்கும், புகை நுழைஞ்சா கரண்ட் குறையும், அலாரம் அடிக்கும், சோர்ஸ் கிடைக்குமேன்னு அதைப் பிரிச்சுடாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல வோல்ட் வச்சா ப்ரொபோர்ஷனல் கவுண்டர், பல்ஸோட சைஸை வச்சு எனர்ஜி தெரியும். அதுக்குள்ள ஹீலியம்-3 நிரப்பினா நியூட்ரான் பிடிக்கலாம், ஹீலியம்-3 நியூட்ரானை முழுங்கிட்டு ஒரு புரோட்டானும் ட்ரிடியமும் (ரேடியோஆக்டிவ் ஹைட்ரஜன்) ஆகும், அந்த ரெண்டையும்தான் எண்ணுறோம். உங்க கெய்கர் கவுண்டருக்கு நியூட்ரான் கண்ணுலயே படாது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச வகை, சிண்டிலேட்டர். சில படிகத்துல ரேடியேஷன் பட்டா துளியூண்டு ஒளி மின்னும். 1903லயே வில்லியம் க்ரூக்ஸ் ஜிங்க் சல்ஃபைடு திரையில ஆல்ஃபா மின்னுறதை லென்ஸ் வச்சுப் பாத்தாரு, அதுக்கப்பறம் கெய்கரும் மார்ஸ்டனும் இருட்டு ரூம்ல கண்ணை பழக்கிட்டு உக்காந்து ஒவ்வொரு மின்னலா எண்ணின வேலையிலதான் அணுக்கருன்னு ஒண்ணு இருக்குன்னே உலகத்துக்குத் தெரிஞ்சுது. 1948ல ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமாவுக்கு அருமையா வேலை செய்யும்னு காட்டினாரு, இன்னைக்கும் அதான் ஓடுது. படிகத்துக்குப் பின்னாடி அந்த ஒளியைக் கரண்ட்டா மாத்திப் பெருக்குற ஃபோட்டோமல்டிப்ளையர் ட்யூப், இப்ப கைக்கு அடக்கமா வர்றதுல அதுக்குப் பதிலா சிலிக்கான் சென்சார். இதுல விசேஷம் என்னன்னா காமா எவ்ளோ எனர்ஜியை விட்டுட்டுப் போச்சோ அவ்ளோ ஒளி வரும், அதனால ஒவ்வொரு பல்ஸோட உயரத்தையும் வரிசைப்படுத்தினா ஸ்பெக்ட்ரம் கிடைச்சுடும், சீசியம்-137க்கு 662 கேஇவியில (ஒரு கேஇவின்னா ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட், எனர்ஜியோட அளவு) ஒரு மேடு, பொட்டாசியம்-40க்கு 1460ல ஒரு மேடு, தோரியம் குடும்பத்துக்கு 2614ல ஒண்ணு. எந்த பொருள்னு கேக்குற கேள்விக்கு இதான் பதில். காமாவைப் பிடிக்குறதுலயும் ஜிஎம் இது பக்கத்துலயே வர முடியாது, வாயுக்குள்ள பெரும்பாலான காமா நிக்காமப் போயிடும், படிகம் கனமானதால பிடிச்சு வச்சுக்கும். ஜிப்மர்ல நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மெண்ட்ல எடுக்குற காமா கேமரா ஸ்கேனும் இந்த தத்துவம்தான், டெக்னீசியம்-99எம் ஊசி போட்டு அதோட 140 கேஇவி காமாவைப் படிகம் பாக்குது. ஜிப்மர் இருக்குற கோரிமேட்டுல ஸ்கேன் முடிச்சுட்டு ஒருத்தர் பஸ்ல உங்க பக்கத்து சீட்ல உக்காந்தா மீட்டர் கத்தும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது பாதியா குறைஞ்சுடும், அவங்களை எதுவும் கேட்டு சங்கடப்படுத்தாதீங்க.

மழை சோதனை ஒண்ணு கட்டாயம் செஞ்சு பாருங்க. மண்ணுலேர்ந்து வர்ற ரேடான் காத்துல சிதைஞ்சு ஈயம்-214, பிஸ்மத்-214னு ஆகும், மழை அதை அப்படியே கழுவி கீழ கொண்டு வரும். மழை விட்ட உடனே கார் பானெட்டை டிஷ்யூ பேப்பரால துடைச்சு மீட்டர் கிட்ட வச்சா கவுண்ட் ஏறும், சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதிப் பாதியா இறங்கும். ரேடான் நிலத்துலேர்ந்து வர்றது, கடல் காத்துல ரொம்ப கம்மி, அதனால ஐப்பசி கார்த்திகையில கடல்லேர்ந்து வர்ற மழையை விட ஆவணி புரட்டாசி சாயங்காலம் மேற்கேர்ந்து இடி மின்னலோட வர்ற மழையில இது நல்லா தெரியும். இப்ப கவனிங்க, பிஸ்மத்-214ஓட முக்கியமான காமா 609 கேஇவி, சீசியம்-137 662. கையடக்க சிண்டிலேட்டர்ல 662ல இருக்குற மேட்டோட அகலமே 50, 60 கேஇவி வரும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கும். மழைக்கப்பறம் ஸ்பெக்ட்ரத்துல ஒரு மேடு பாத்து சீசியம் வந்துடுச்சு ரியாக்டர் லீக்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் காத்திருந்து திரும்ப எடுங்க, ரேடான் பிள்ளைங்கன்னா காணாமப் போயிருக்கும். சீசியத்தோட அரை ஆயுள் 30 வருஷம், அது எங்கயும் போகாது.

அந்த 609ஐயும் 662ஐயும் பிரிச்சுப் பாக்கணும்னா ஜெர்மானியம் டிடெக்டர்கிட்ட போகணும். வாயுவுல ஒரு ஜோடி சார்ஜ் உண்டாக 26லேர்ந்து 35 எலக்ட்ரான்வோல்ட் வரைக்கும் செலவாகும், ஜெர்மானியத்துல 3தான். அதே 662 கேஇவிக்கு வாயுவுல இருபதாயிரத்து சொச்சம் சார்ஜ்னா இங்க ரெண்டு லட்சத்துக்கு மேல. மேல சொன்ன அதே வர்க்கமூல கணக்குதான், எண்ணிக்கை ஜாஸ்தியானா தடுமாற்றம் குறையும், மேடு ஊசி மாதிரி ஒல்லியா வரும். ஆனா ரூம் சூட்டுலயே எலக்ட்ரான் தானா குதிச்சுடும், அதனால திரவ நைட்ரஜன்ல 77 கெல்வின் பக்கம் குளிர வைக்கணும், லட்சக்கணக்குல விலை, வீட்டுக்கு வேலைக்காகாது. வீட்டுல செமிகண்டக்டர் பாக்க ஆசைன்னா பிபிடபிள்யூ34ன்னு ஒரு ஃபோட்டோடயோடு மலிவா கிடைக்கும், வெளிச்சம் ஒரு சொட்டு நுழையாம அலுமினிய ஃபாயில் சுத்தி ஆம்ப்ளிஃபையர் போட்டா காமாவை எண்ணும். சைஸ் ரொம்ப சின்னது, கவுண்ட் மெதுவா வரும், டேபிளைத் தட்டினாக்கூட பொய் பல்ஸ் வரும்.

கல்பாக்கம் கேள்விக்கு நேரா வர்றேன். அங்க இருக்குற சென்னை அணுமின் நிலையம் கனநீர் ரியாக்டர், கனநீர் நியூட்ரானைப் பிடிச்சு ட்ரிடியம் உண்டாகும். ட்ரிடியத்தோட பீட்டாவுக்கு அதிகபட்சம் 18.6 கேஇவிதான், ட்யூப் சுவரைத் தாண்டவே தாண்டாது. அதை அளக்க தண்ணி சாம்பிளை ஒளிர்ற திரவத்தோடயே கலந்து இருட்டுப் பெட்டிக்குள்ள வச்சு மின்னலை எண்ணணும், லிக்விட் சிண்டிலேஷன்னு பேரு. அதனால ஒருத்தர் கெய்கர் கவுண்டரோட கடற்கரையில நின்னு ஒண்ணுமே இல்லன்னு சொன்னாலும் சரி, மழைநாள்ல கவுண்ட் ஏறிச்சு லீக்னு சொன்னாலும் சரி, ரெண்டும் அந்த மீட்டரால சொல்ல முடியாத பதில். கல்பாக்கத்துல சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒண்ணு மீன், பால், மண், தண்ணின்னு சாம்பிள் எடுத்து அளக்குது, நாட்டுல பல இடத்துல பாபா அணு ஆராய்ச்சி மையம் வச்சுருக்குற ஐயர்மான் நெட்வொர்க் காத்துல காமாவை ஓயாம பாத்துக்கிட்டே இருக்கு. அந்த டேட்டாவை மக்கள் கேக்கணும், எளிமையா புரியுற மாதிரி வெளியிடச் சொல்லி அழுத்தம் கொடுக்கணும், என் மனசுக்கு அதான் மீட்டர் வாங்குறதை விட பெரிய வேலை.

மூணாவது கேள்வி, ஒரு ஆளுக்கு மொத்தம் எவ்ளோ. கடலூர் மஞ்சக்குப்பத்துலயோ பாண்டியிலயோ எக்ஸ்ரே, ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குறவங்க சட்டையில குத்தியிருக்குற டிஎல்டி பேட்ஜ் அதுக்குத்தான். டிஸ்ப்ளே, பேட்டரி எதுவும் கிடையாது. உள்ள டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லை மூணு, ஒவ்வொண்ணு மேலயும் வேற வேற ஃபில்டர். ரேடியேஷன் பட்டா எலக்ட்ரான் படிகத்துல மாட்டிக்கிட்டு மாசக்கணக்குல அப்படியே இருக்கும், லேப்ல சூடு பண்ணினா வெளிய வந்து ஒளி விடும், அந்த ஒளியோட அளவுதான் டோஸ். இந்தியாவுல தொழிலாளிக்கு அஞ்சு வருஷ சராசரியில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜை நெஞ்சுல, ஈய ஏப்ரனுக்கு உள்ளதான் போடணும். எக்ஸ்ரே ரூம் கொக்கியில தொங்க விட்டுட்டு வீட்டுக்குப் போனீங்கன்னா அது கொக்கியோட டோஸ். அங்க வேலை பாக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு இதைக் கெஞ்சிக் கேக்குறேன், ஒழுங்கா போடுங்க, ரிப்போர்ட் வந்தா உங்க நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

அப்ப என்ன வாங்குறது. ஸ்கூல் பசங்களுக்குக் காட்ட, மேண்டில், உரம், கல்லுன்னு தேடிப் பாக்க எஸ்பிஎம்-20 போட்ட கெய்கர் கவுண்டர் போதும். எந்த ஐசோடோப்னு ஆராய ஆசை இருந்து காசும் இருந்தா ரேடியாகோட் மாதிரி சீசியம் அயோடைடு படிகம் வச்ச கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் எடுங்க, கெய்கரை விட விலை பல மடங்கு, ஆனா கத்துக்குறதும் பல மடங்கு.

பழைய இரும்புக் கடை வச்சுருக்குறவங்க கையில ஒரு கெய்கர் இருந்தா நல்லதுன்னு நான் அழுத்திச் சொல்வேன். 2010ல டெல்லி மாயாபுரி ஸ்கிராப் மார்க்கெட்ல கோபால்ட்-60 கலந்து வந்து ஒருத்தர் செத்தே போனாரு, அங்க இருந்தவங்க யாருக்கும் அது என்னன்னே தெரியாது. லோடு இறக்குறதுக்கு முன்னாடி லாரியைச் சுத்தி மெதுவா ஒரு ரவுண்டு நடந்தா போதும். ஈயத்தால செஞ்ச கனமான உருளை, மஞ்சள் மேல மூணு இதழ் முத்திரை, இல்ல மீட்டர் உங்க ஊர் வழக்கத்தை விட பல மடங்கு ஏறுதுன்னா வெட்டாதீங்க, தொடாதீங்க, உருக்காதீங்க. ஆளுங்களை விலக்குங்க, தூரம் ரெண்டு மடங்கானா டோஸ் நாலுல ஒண்ணாகும். 112க்கு போன் பண்ணி ரேடியேஷன் சந்தேகம்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு தகவல் சொல்லணும்னும் சொல்லுங்க, மீட்டர்ல எந்த தூரத்துல எவ்ளோ காட்டுச்சுன்னு எழுதி வச்சு வர்றவங்க கையில கொடுங்க.